ஒளியுருவாக்கமா, ஒளியுருப்பேறா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அறைக்குள் விளக்கொளியில் வளர்க்கும் கீரைகளைப் பற்றிய கட்டுரைக்காக, ஒளியை உணர்ந்து செடி அதற்கேற்ப வளரும் விதத்தைக் குறிக்கும் ஃபோட்டோமார்போஜெனிசிஸ் என்பதற்குத் தாங்கள் முன்மொழிந்த 'ஒளியுருவாக்கம்' என்னும் சொல்லை இரண்டு நாளாக வெவ்வேறு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். தனிச்சொல் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. இந்தச் சொல்தானா என்பதில்தான் தயக்கம்.

இங்கே பலரும் 'ஒளிச்சேர்க்கை என்றே சொல்லிவிட்டால் என்ன' என்று கேட்டிருந்தார்கள். இலங்கை நண்பர்கள் ஒளித்தொகுப்பு என்று வழங்கும் அந்த நிகழ்வில் ஒளி செடிக்கு உணவாக்கும் ஆற்றல். நாம் பெயர் தேடுகிற நிகழ்விலோ அது செய்தி. லெட்யூஸ் கீரையைச் சிவப்பு விளக்கின்கீழ் மட்டும் வளர்த்தால், ஒளிச்சேர்க்கைக்குக் குறைவில்லாதபோதும் காம்பு நீண்டு, இலை மெலிந்து, செடி துவளுகிறது. மொத்த ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணிக்கையை மாற்றாமல் அதில் ஒரு பங்கை நீலமாக்கினால், அதே செடி குட்டையாகக் கட்டுக்கோப்புடன் நிற்கிறது, இலை தடிக்கிறது, செவ்விலை வகையாக இருந்தால் ஆந்தோசயனின் என்னும் நிறமி கூடிச் சிவப்பும் ஏறுகிறது. நீலம் கூடுதலாக ஊட்டியதால் இப்படி ஆகிறது என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. மெக்ரீ என்னும் ஆய்வாளர் 22 பயிர்களில் அளந்து 1972-இல் வெளியிட்ட வரைகோட்டின்படி, ஃபோட்டானுக்கு ஃபோட்டான் ஒளிச்சேர்க்கையைக் கூடுதலாக நடத்துவது சிவப்புதான். நீலத்தை உணர்ந்து நீட்சியை அடக்குவது கிரிப்டோகுரோம் என்னும் ஒளியுணரி. சிவப்பை உணர்வது ஃபைட்டோகுரோம். உணவாக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் செய்தியறியும் இந்நிகழ்வுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையின் மையமே குழம்பும்.

இனி என் தடைகள். 'ஒளியுருவாக்கம்' என்பதைப் படிப்பவர் ஒளி, உருவாக்கம் என்று பிரித்து, விளக்கு ஒளியை உண்டாக்கும் விதத்தைச் சொல்கிறோம் என்று கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. எல்.இ.டி. விளக்குகளைப் பற்றியும் பேசும் கட்டுரையில் இது சிறு பிழையன்று. அதைவிட முக்கியமானது, 'ஆக்கம்' வந்தவுடன் ஒளி குயவராகவும் செடி களிமண்ணாகவும் ஆகிவிடுகின்றன என்பது. உண்மையில் ஒளி எதையும் வனைவதில்லை; தன்மேல் விழுந்தது எந்த நிறம் என்று அறிந்து, அதற்கேற்ப மரபணுக்களை முடுக்கியும் அடக்கியும் தன் உருவத்தைத் தானே பெறுகிறது செடி. ஆகவே உருப்பெறுதல் என்னும் வழக்கிலுள்ள வினையிலிருந்தே 'ஒளியுருப்பேறு' என்று ஆக்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. (நாற்றைப் பார்த்து 'இது உருப்படாது' என்று கை விரிக்கும் வழக்கிலும் இதே உருதான் இருக்கிறது.)

இச்சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடியபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இருட்டில் முளைக்கும் நாற்று பச்சையம் இல்லாமல் வெளிறி, இலையை விரிக்காமல், தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போகும் வளர்ச்சிக்கு ஸ்கோட்டோமார்போஜெனிசிஸ் என்று பெயர். தங்கள் வழியில் சென்றால் அது 'இருளுருவாக்கம்' ஆகி, விளக்கை அணைப்பதைப் போல ஒலிக்கும். 'இருளுருப்பேறு' என்றால் சிக்கலில்லை. நம் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்கவும் வேண்டியதில்லை: அம்மன் கோயில் விழாவுக்கு வெயில் படாத அறையில் வளர்த்தெடுக்கும் முளைப்பாரியின் நெடுநெடுவென்ற வெளிர்மஞ்சள் நாற்றுகள் இருளுருப்பேறு அல்லாமல் வேறென்ன?

விதை முளைப்பதை 'உரு' என்னும் சொல் தாங்குமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஏனெனில் இத்துறையின் பெரிய திருப்பமே ஒரு கீரை விதையில்தான் நிகழ்ந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலானோர் கிராண்ட் ரேபிட்ஸ் என்னும் லெட்யூஸ் வகையின் நனைந்த விதைகளுக்குச் சிவப்பொளியையும், சிவப்பின் கடைசி விளிம்பிலுள்ள ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இறுதியாகக் காட்டியது சிவப்பு என்றால் பெரும்பாலான விதைகள் முளைத்தன. மற்றது என்றால் பெரும்பாலானவை உறங்கின. இடையில் எத்தனை முறை மாற்றினாலும் கடைசிச் செய்தியையே விதை கேட்டது. 1952-இல் வெளியான அந்த முடிவுதான் பின்னர் ஃபைட்டோகுரோமைப் பிரித்தெடுப்பதற்கு வழிவிட்டது. விதையிலிருந்து நாற்றாவதும் ஓர் உருவைப் பெறுதலே என்பதால், சொல் இதையும் தாங்கும் என்றே எண்ணுகிறேன்.

மேலே 'கடைசி விளிம்பு' என்று சுற்றி வளைத்ததற்குக் காரணம், 730 நானோமீட்டர் அளவிலுள்ள அவ்வொளிக்கும் நம்மிடம் ஒத்த கருத்தில்லை என்பதே. 'தொலைச்சிவப்பு' என்பது ஆங்கிலத்தின் 'ஃபார்-ரெட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. எதிலிருந்து தொலைவு என்று கேட்டால் விடை இல்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு மங்கி முடிகிற இடம் அது. கடைக்கண், கடைமடை என்பவற்றைப்போல் 'கடைச்சிவப்பு' எனலாமே. மேலடுக்கு இலைகள் சிவப்பை உறிஞ்சிவிட்டுக் கடைச்சிவப்பைப் பெரிதும் கீழே கசியவிடுவதால், அது மிகும்போது, நிழலில் இருப்பதாக எண்ணிச் செடி நீளுகிறது. அறைக்குள் இதை அளவாகச் சேர்த்து லெட்யூஸின் இலைப்பரப்பைக் கூட்டுகிறார்கள், செவ்விலை வகையில் நிறம் குன்றும் என்று தெரிந்தே.

என் சொல்லிலும் ஒரு குறை உண்டு. பெயரடையாகும்போது 'ஒளியுருப்பேற்று விளைவு' என்று றகரம் இரட்டிப்பதால், பார்ப்பவர் 'ஏற்று' என்று பிரித்துவிடக்கூடும். 'ஒளியுருப்பேறு சார்ந்த விளைவு' என்று எழுதித் தப்பிக்கலாம். ஆனால் தலைப்புகளில் நீளும். இந்த ஓரிடத்துக்குத் தங்களிடம் சுருக்கமான வடிவம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.