மத்தளமும் பேஸும் சேந்தா கவிதை விளங்குதில்ல, என்ன செய்யலாம்?

கல்லடிக்கரை:
அமெரிக்கக் கவிஞர், பாடகர் கில் ஸ்கொட்-ஹெரனின் ‘பீசஸ் ஒஃப் எ மேன்’ (1971) அல்பம் மாதிரி ஒரு தமிழ்க் கவிதைய மேடையில செய்யப் பாக்கிறம். பேஸ் கிற்றார், மத்தளம், சல்லரி (கைத்தாளம்), புல்லாங்குழல், வாசிக்க ஒரு ஆள். வேகம் நிமிசத்துக்கு 96 அடி. சொல் விளங்குதில்ல, வரி தாளத்துக்குள்ள அடங்குதில்ல, ஒவ்வொரு வரியும் ‘தரமாட்டாங்க’ எண்டு முடியக்குள்ள சப்பெண்டு விழுது. அந்த றெக்கோட்டில மட்டும் எப்பிடி எழுத்தெழுத்தாக் கேக்குது?

றபான்காரன், அக்கரைப்பற்று:
தம்பி, அந்த அல்பத்தில முதலாவது, ‘த ரெவலூஷன் வில் நொட் பி டெலிவைஸ்ட்’, மட்டும்தான் பேச்சு. மத்ததெல்லாம் பெரும்பாலும் பாட்டு. அதே கவிதை 1970இல வந்த முதல் அல்பத்திலயும் இருக்கு, அங்க கொங்கா மேளமும் தாளமும் மட்டும். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, விசயம் பிடிபடும்.

1971இல பேஸுக்கு றொன் கார்ட்டர், ட்ரம்ஸுக்கு பேர்னாட் பேர்டி, குழலுக்கு ஹியூபேட் லோஸ். பேஸ் குரலுக்குக் கீழ ஓடுது, குழல் மேல. நடுவில குரல் தனிய நிக்குது. ஆம்பிளக் குரலின்ர அடி 100–150 ஹேர்ட்ஸ், மெய்யெழுத்துக் கூர்மை 2000–5000இல. உங்கட மத்தளத்தின்ர வலந்தலை (வலப்பக்கம்) அந்த நடுவிலதான் கணீரெண்டுது. சல்லரியின்ர இரைச்சல் ச, ட, ற மூண்டையும் விழுங்குது.

வரி ஓடக்குள்ள இடந்தலை மட்டும் போதும். வலந்தலைய வரிக்கும் வரிக்கும் இடையில விடுங்க. மிக்ஸரில குரலுக்கு 100க்குக் கீழ வெட்டுங்க, பேஸில 250 பக்கம் 3 டெசிபல் குறைங்க. சல்லரிய நான் எண்டா எடுத்திருவன்.

களரி:
சல்லரிய எடுத்தா கூத்தின்ர மணமே போயிரும், எடுக்க வேணாம். எங்க அடிக்கிறதெண்டுதான் கேள்வி.

96இல நாலு அடி ஒரு சுற்று, 2.5 செக்கன். அத 16 இடமாப் பிரிங்க. குறிலுக்கு ஒரு இடம், நெடிலுக்கும் ஒற்றோட வாற குறிலுக்கும் ரெண்டு. பாருங்க:

கடலுக்குப் போனவன்
கணக்குக் கேக்கிறான்

முதல் வரி 11, ரெண்டாவது 10. ஒரு சுற்றுக்கு ஒரு வரி, மிச்சம் மூச்சுக்கு. ரெண்டையும் ஒரே சுற்றில திணிச்சா 21, அங்கதான் நாக்கு இடறுது. 12ஐத் தாண்டாதீங்க. இங்கிலீசில சொல்லுக்குள்ள அழுத்தம் இருக்கு, ஸ்கொட்-ஹெரனுக்கு அது தானா ட்ரம்மில போய் விழுது. நமக்கு அது இல்ல, மோனைதான் கை குடுக்கும். மேல ‘க’ ரெண்டும் முதலடியில விழுதெல்லா, அப்பிடி.

‘தரமாட்டாங்க’ சப்பெண்டு விழுறதுக்குக் காரணம், தமிழில வினை கடைசியில வாறது. இங்கிலீசில மறுப்பு வரியின்ர நடுவிலயே வந்திரும். அதால ‘தர’வ 15ஆம், 16ஆம் இடத்தில வைங்க, ‘மாட்’ அடுத்த சுற்றின்ர முதலடியில விழட்டும், பேஸின்ர அடிச்சுரத்தோட சேந்து. ‘மாட்டாங்க’ 5 இடம். மிச்சம் 11 குழலுக்கும் சல்லரிக்கும்.

கல்லடிக்கரை:
‘மாட்’ விழுற இடத்த மாத்தினதுமே வித்தியாசம் தெரியுது அண்ணே, நன்றி. ஆனா வெளி மைதானத்தில எதிர்ச் சுவர் திருப்பி அடிக்குது.

றபான்காரன், அக்கரைப்பற்று:
எவ்வளவு தூரம்? 27 மீற்றர் எண்டா சத்தம் போய்வர 54, கிட்டத்தட்ட 0.157 செக்கன். 96இல ஒரு இடமும் 0.156தான். ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்துக்கு மேலயே ஏறி விழும், சனத்துக்கு எப்பிடி விளங்கும்? ஸ்பீக்கர் பெட்டிய சுவருக்கு நேரா வைக்காம சனத்தப் பாத்துக் கீழ சரிங்க, ‘எக்கோ’ குமிழ முழுசா அணைங்க. சுவர் கிட்டவெண்டா இவ்வளவு மோசமில்ல.

மைக்க வாயில இருந்து ரெண்டு விரல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க. உதட்டில ஒட்டினா அடிக்குரல் வீங்கி மெய்யெழுத்து மறையும். தலை வலையக் கையால பொத்தினா கூவும். தன்ர குரலக் கேக்கிற மொனிற்றர் மைக்குக்கு நேர் பின்னுக்கு இருக்கோணும், பக்கவாட்டில வேணாம்.

களரி:
சுவர் அப்பிடித்தான் எண்டா வரிக்கு 12 இடத்த 9ஆக்கிப் பாருங்க. வேகத்தில கை வைக்காதீங்க, 88க்கு இறக்கினா மத்தளக்காரருக்கு கை தூங்கும்.