மூளையில் நீர் தேங்கினால் நரம்பணுக்கள் அழிந்துவிடுமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 68. பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்து நடக்கிறார், சிறுநீரை அடக்க முடியவில்லை, மறதியும் கூடியிருக்கிறது. ஸ்கேனில் மூளையின் நீரறைகள் விரிந்திருப்பதைக் காட்டி, நீரை வடிக்கும் குழாயான ஷன்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். தேங்கிய நீர் நரம்பணுக்களை ஏற்கெனவே கொன்றிருந்தால், இனி அதை வடித்து என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
மூளைத் தண்டுவட நீர் நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. சுரந்து, அதே அளவு இரத்தத்தில் கலந்துவிடுவதால், எந்த நேரத்திலும் ஏறக்குறைய 150 மி.லி. மட்டுமே உள்ளே இருக்கும். வடிகால் குறைந்து அறைகள் விரியும்போது, முதலில் அடிபடுவது பெரும்பாலும் நரம்பணுவின் உடல் அன்று, அதிலிருந்து நீளும் ஆக்சான் என்னும் இழையே. அறைச் சுவரை ஒட்டிச் செல்லும் இழைகள் இழுபடுகின்றன. அங்குள்ள இரத்த நுண்குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டமும் குறைகிறது. இந்த நிலையில் இழை செயல் குன்றியிருக்குமே தவிர, செத்திருக்காது. நீரை வடித்தால் மீள இடமுண்டு. நெடுநாள் நீடித்தால்தான் இழையைப் போர்த்தியிருக்கும் மைலின் என்னும் கொழுப்பு உறை சிதைந்து, இழை அறுந்து, இறுதியில் அணுவும் நலிகிறது. ஆகவே தாமதிப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது மெல்ல வளரும் தேக்கத்துக்குப் பொருந்தும். தலைக்காயத்தில் நடப்பது வேறு. மண்டையோடு விரியாது என்பதால், அதனுள் இயல்பாக 7 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் 22-ஐத் தாண்டினால், மூளைக்குள் இரத்தத்தைத் தள்ளும் விசை குறைந்துவிடும் அபாயம் உண்டு. ஆக்சிஜன் கிடைக்காத நரம்பணுவில் சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நின்றுபோகிறது. சோடியமும் அதன் பின்னே நீரும் உள்ளே புக, அணு வீங்குகிறது. அந்த வீக்கமே அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. கூடவே நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுமீறிக் கொட்டி, கால்சியம் உட்புகுந்து, சில மணி நேரத்திலேயே அணுக்கள் மடியக்கூடும். தங்கள் தந்தையின் அறிகுறிகளோ 1965-இல் ஹக்கீம், ஆடம்ஸ் ஆகிய மருத்துவர்கள் விவரித்த, அழுத்தம் பெரிதும் இயல்பாகவே இருக்கும் நீர்த்தேக்கத்தை ஒத்திருக்கின்றன.

பதில் 3:
நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுத் தண்டிலிருந்து 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்துப் பார்க்கும் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் அப்பா பத்து மீட்டர் நடக்க எவ்வளவு நேரமாகிறது, திரும்பி நிற்க எத்தனை அடி வைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடை தெளிந்தால் ஷன்ட் பலன் தரும் வாய்ப்பு அதிகம். தெளியாவிட்டாலும் பலனே இராது என்று முடிவுகட்ட வேண்டாம். நடை திருந்தும் அளவுக்கு மறதி திருந்துவதில்லை என்பதையும், நீர் அளவுக்கு மீறி வடிந்தால் மூளையுறைக்கடியில் இரத்தம் கசியலாம் என்பதையும் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.