ஏ4 சிப்பின் கோர் யாருடையது?

ரிச்சித்தெரு:
"2010 முதலே ஆப்பிள் தன் பிராசஸரைத் தானே வடிவமைக்கிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 2010-இல் முதல் ஐபேடில் வந்த ஏ4 சிப்புக்குள் இருந்த கோர், அதாவது கட்டளைகளை இயக்கும் மையப் பகுதி, பிராசஸர் வடிவமைப்புகளை உரிமத்துக்கு விற்கும் ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் ஏ8. தயாரித்துக் கொடுத்தது சாம்சங். மேலே பெயரைப் பொறித்துவிட்டால் சொந்தச் சரக்காகிவிடுமா?

தரமணி:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 2008-இல் பி.ஏ. செமி என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை ஏறக்குறைய 28 கோடி டாலர் கொடுத்து ஆப்பிள் வாங்கியது அலங்காரத்துக்கா? 2012-இல் ஐபோன் 5-இல் வந்த ஏ6 சிப்பில் 'ஸ்விஃப்ட்' என்ற சொந்தக் கோர் இருந்தது. மறு ஆண்டே, ஒரே வீச்சில் கூடுதல் தரவைக் கையாளும் 64 பிட் ஏ7 வந்தது. போட்டியாளர்கள் எல்லாரும் பின்னால்தான் ஓடிவந்தார்கள்.

ரிச்சித்தெரு:
ஏ6 பற்றி யார் கேட்டது? ஏ4-இன் கோர் யாருடையது?

வேளச்சேரிவாசி:
கூகுளை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2021-இல் பிக்சல் 6-உடன் வந்த டென்சர் சிப்பில் சிபியு (பொதுவான கணக்குகளைச் செய்யும் பகுதி) கோர்கள் அத்தனையும் ஆர்முடையவை. தயாரித்தது சாம்சங். அதைத்தான் கூகுளின் சொந்தச் சிப் என்று கொண்டாடினார்கள்.

தரமணி:
அதிலுள்ள டிபியு, அதாவது செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான பகுதி, கூகுளுடையது. அதைச் சொல்ல மனம் வரவில்லையா? எந்தக் கோரை எத்தனை வைப்பது, கேச் என்ற உள்நினைவகம் எவ்வளவு, கேமராவுக்கு எந்தப் பகுதி என்று முடிவெடுக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். கொத்தனார் கட்டினார் என்பதற்காக வீட்டின் வரைபடம் அவருடையதாகிவிடாது.

ரிச்சித்தெரு:
வரைபடத்தையே ஆர்மிடம் வாங்கினால்? அதே 2010-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் கைபேசியிலும் கார்டெக்ஸ் ஏ8 தான். கோர் ஒன்று, பெயர் இரண்டு. ஏ4-க்குப் பதில் சொல்லாமல் டிபியு பின்னால் ஒளிகிறீர்கள். போன மாதம் எஸ்எஸ்டி சேமிப்பகம் பற்றிய விவாதத்திலும் பாதியில் காணாமல் போனவர்தானே நீங்கள்!

தரமணி:
காணாமல் போகவில்லை. நீங்கள் வசைபாடத் தொடங்கியதால் விலகினேன். அந்த இழை இன்னும் அழியவில்லை, யாரும் போய்ப் படிக்கலாம்.

அடையாறுமாணவி:
நம் ஊர் ஐஐடியின் சக்தி பிராசஸரைப் பாருங்கள். வடிவமைத்தது சென்னையில். 2018-இல் ஒரு சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது இன்டெல். இன்னொன்றைத் தயாரித்தது சண்டிகர் அருகே மொஹாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகமான எஸ்சிஎல். அதனால் சக்தி நம்முடையது இல்லையா?

ரிச்சித்தெரு:
தங்கையே, சக்தியை இங்கே இழுக்காதீர்கள். அது ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தது, அதற்கு உரிமக் கட்டணமே கிடையாது. கோரையும் அவர்களே எழுதினார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஏ4-இல் ஆப்பிள் அதைச் செய்யவில்லை என்பதுதான் என் வாதமே.

அடையாறுமாணவி:
தங்கை என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம். நானும் பிராசஸர் வடிவமைப்புதான் படிக்கிறேன். உற்பத்தியை முதலில் இழுத்தவர் நீங்கள். சாம்சங் தயாரித்தது என்று முதல் பதிவிலேயே குறை சொன்னீர்கள்.

வேளச்சேரிவாசி:
கைபேசியை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம் சிப்பை யாருமே தொடவில்லை. 2019-இல் இன்டெலின் கைபேசி மோடம் பிரிவை வாங்கியும், 2025-இல் ஐபோன் 16இ வரும்வரை ஆப்பிளால் சொந்த மோடம் தர முடியவில்லை. அதுவரை பெரும்பாலும் குவால்காம் நிறுவனத்தின் மோடம்தான் கைகொடுத்தது.

தரமணி:
மோடம் வேறு, பிராசஸர் வேறு. இதுகூடத் தெரியாமல் ஏன் வருகிறீர்கள்?

வேளச்சேரிவாசி:
தெரியாமலா? பதினைந்து ஆண்டுகளாகக் கைபேசிப் பலகைகளைப் பழுதுபார்க்கிறேன். தரமணியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுபவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ரிச்சித்தெரு:
பழுதுபார்ப்பவரைச் சீண்டுவதில் இருக்கும் வேகம் பதில் சொல்வதில் இல்லை. கார்டெக்ஸ் ஏ8. ஆமாவா, இல்லையா?

தரமணி:
2012-க்குப் பிறகு வந்த ஒரே ஒரு ஏ வரிசைச் சிப்பில் ஆர்மின் ஆயத்த சிபியு கோரைக் காட்டுங்கள். பிறகு பேசலாம்.