அப்பாவின் நினைவுக் குறிப்பு: நான்கு பக்கத்தில் எதை எழுதுவது?

தெம்பனிஸ் மகள்:
மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் ஊரில் முடிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தங்களுக்காக முப்பதாம் நாளன்று சமூக மன்றத்தில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். அங்கே வாசிக்க ஒரு குறிப்பும், கையில் கொடுக்க நான்கு பக்க மடிப்பிதழும் வேண்டும். அப்பா விவசாயி. வயல்களுக்கு முறைவைத்து விடும் வாய்க்கால் முறைத்தண்ணீர், கோயில் வரவுசெலவு இரண்டையும் ஊருக்காகப் பார்த்தவர். எவ்வளவு எழுதினாலும் ‘அன்பானவர், பண்பானவர்’ என்றே வருகிறது. பிறந்த தேதியும் குழப்பம்: பள்ளிச் சான்றிதழில் ஒன்று, அம்மா சொல்வது இன்னொன்று. எங்கே தொடங்குவது?

உட்லண்ட்ஸ் ஐயா:
ஆழ்ந்த இரங்கல், அம்மா. எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஊரில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் மொய் நோட்டு. யார் வீட்டு விசேஷத்துக்கு எந்த வருஷம் எவ்வளவு எழுதினார் என்று அதில் வரிசையாக இருக்கும். அப்பா எந்தெந்த ஊரோடு ஒட்டும் உறவுமாக இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு நிலத் தீர்வை ரசீது, கோயில் கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து நேராகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தில் உள்ள ஒரு பக்கம் மடிப்பிதழில் கட்டாயம் வரவேண்டும்.

தண்ணீர் விஷயத்தைச் சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள். கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், நிலம் உள்ளவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். அதற்குமுன் வாய்க்கால் தூர்வார ஆள் கூட்டியது யார், முறை வைத்தபோது ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு நேரம், இரவில் மடையை யார் காவல் காத்தார்கள், வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர் மடையை அடைக்க மறுத்தால் அப்பா என்ன செய்தார். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை அகற்ற யார் யார் வீட்டுக்குப் போனார் என்றும் கேளுங்கள். ‘பொதுநலம் மிக்கவர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் இந்தப் பதில்களில் இரண்டை வையுங்கள், போதும்.

ஈசூன் பஞ்சாங்கம்:
தேதிக்கு ஒரு வழி. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரும்படி வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். அதனால் அம்மாவிடம் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் கேளுங்கள். உதாரணமாக ‘நந்தன வருஷம் கார்த்திகை’ என்றால் 1952 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. அந்த நவம்பர் 30இல் தஞ்சை டெல்டாவைப் பெரும் புயல் தாக்கியது. புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் இன்னும் நெருங்கிவிடலாம். அறுபது வருஷத்தில் அதே பெயர் திரும்ப வரும், ஆகவே அறுபதாம் கல்யாணப் பத்திரிகை இருந்தால் ஒப்பிடுங்கள். அப்படியும் தீரவில்லையா, வருஷத்தை மட்டும் போடுங்கள். தவறான தேதியை அச்சில் ஏற்றினால் அம்மாவுக்குத்தான் மனம் வலிக்கும்.

இன்னொன்று: இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். ஊரில் இரவு பத்து மணிக்குப் பிரிந்த உயிர் இங்கே வந்த செய்தியில் மறுநாள் தேதியாக இருக்கும். ஊர் நேரத்தை வைத்தே மறைவுத் தேதியும் திதியும் எழுதுங்கள். ஆண்டுத் திதி அடுத்த வருஷம் அதே ஆங்கிலத் தேதியில் வராது. மாதம், பட்சம், திதி மூன்றையும் இப்போதே குறித்து வையுங்கள்.

சிராங்கூன் அச்சகம்:
தமிழ் எழுத்துக்கு ஏற்ற அமைப்பு இல்லாத மென்பொருளில் ‘கொ’, ‘கோ’ பிளந்துவிடும். கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்தோடு ஒட்டாமல் நிற்கும். இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்தால், தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ அமைப்பைப் போடச் சொல்லுங்கள். எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கொடுங்கள், ஒரு பிரதியைத் தாளில் எடுத்துப் படித்துவிட்டே மொத்தத்துக்கும் சரி சொல்லுங்கள்.

படம் 10 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறக்குறைய 1,180 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் படத்தைவிட வயலிலோ திண்ணையிலோ இருக்கும் படம் நல்லது. தோளில் துண்டு இருந்தால் அதை வெட்டாதீர்கள்.

உறவினர் பட்டியலில்தான் மனக்கசப்பு வரும். அச்சுக்குமுன் அம்மாவும், பங்காளி வழியில் ஒருவரும், மாமன் மச்சான் வழியில் ஒருவரும் படித்துப் பார்க்கட்டும். அம்மாவை ‘மனைவி’ என்று மட்டும் போடாமல் பெயரோடு போடுங்கள்.

தெம்பனிஸ் மகள்:
எல்லாருக்கும் நன்றி. கடைமடையில் ஒரு பெரியப்பாவிடம் கேட்டேன். இப்படித் தொடங்கலாமா? “முறைத்தண்ணீர் நாளில் நம் வயலுக்கு வந்த மடையை அரை மணி முன்னதாகவே அடைத்து, கடைசி வயல் நனைந்ததா என்று பார்த்துவிட்டு வருவார்.”

உட்லண்ட்ஸ் ஐயா:
இதுவேதான். ‘நம் வயலுக்கு’ என்பதை ‘தம் வயலுக்கு’ என்று மாற்றுங்கள், வாசிப்பவர் யாராக இருந்தாலும் பொருந்தும். வாசிக்கும் குறிப்பு நானூறு சொல்லைத் தாண்ட வேண்டாம், நிறுத்தி வாசித்தால் ஐந்து நிமிஷம் ஆகும். குரல் உடைந்துபோனால் தொடர்ந்து வாசிக்க, இன்னொரு பிரதி உங்கள் தம்பி கையில் இருக்கட்டும்.