மூட்டத்துக்கு மேலே ஒரு ஜனவரி நாள்: அப்பாவுடன் சுக்ஷ்பிட்ஸ

குளிர்காலத்தில் மலைக்குப் போக நாள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வெளியே சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தால் இன்று வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறு. ஜனவரியில் கீழே எதுவுமே தெரியாத நாள், மேலே போக மிக நல்ல நாளாக இருக்கலாம். அப்படி ஒரு நாளில்தான் அப்பாவை ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான சுக்ஷ்பிட்ஸவுக்குக் கூட்டிப் போனேன்.

பேத்தியைப் பார்க்க டிசம்பரில் ஒட்டன்சத்திரத்திலிருந்து மியூனிக் வந்தவர் அப்பா. வந்த நாளிலிருந்து மூட்டம்தான். காலை எட்டு மணிக்கும் விளக்கு, மாலை நாலரைக்கும் விளக்கு. "சூரிய நமஸ்காரம் பண்ணலாம்னா சூரியனையே காணோமே தாயி" என்று ஒரு நாள் சொன்னார். ஊரில் விடியுமுன் எழுந்து தோட்டத்தைச் சுற்றி வருகிற மனிதர் இங்கே ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு சுக்ஷ்பிட்ஸ உச்சியில் இருக்கும் கேமராவின் பகல் நேரப் படங்களை எடுத்துப் பார்த்தேன். மியூனிக்கில் நாள் முழுக்கத் தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 2,962 மீட்டரில் பளீரென்று வெயில்.

இதற்குக் காரணம் எளிது. காற்றழுத்தம் அதிகமாகவும் காற்று அசையாமலும் இருக்கும் நாட்களில், நீண்ட குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, பள்ளத்தாக்கிலும் சமவெளியிலும் தேங்கிவிடுகிறது. அதில் இருக்கும் ஈரம் மூட்டமாகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் கீழ்க்காற்று மேலெழ முடிவதில்லை. சாதாரணமாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு, ஏழு டிகிரி குறைய வேண்டும். அந்தக் கணக்கில் மியூனிக்கைவிட உச்சி 15 டிகிரிக்கு மேல் குளிராக இருக்க வேண்டும். நாங்கள் போன அன்று மியூனிக்கில் மைனஸ் 3, உச்சியில் மைனஸ் 4.

போவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. கட்டுக்குள் இருப்பதால் போகலாம், படி ஏறுவதில் அவசரம் காட்ட வேண்டாம், தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும் என்றார். இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் இதைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான்.

மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் வரை வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பக்கத்திலேயே சுக்ஷ்பிட்ஸ ரயிலுக்குத் தனி நிலையம். 1930இல் தொடங்கிய இந்தப் பல்சக்கர ரயில் மலைக்குள் சுரங்கம் வழியாக உச்சிக்குக் கீழே உள்ள பனிமேடு வரைக்கும் போகும். வழியில் ஐப்ஸே ஏரிக்கரையில் இறங்கி, கேபிள் காரில் நேரே உச்சிக்கும் போகலாம். ஒரே டிக்கெட்டில் ஏறுவது ஒன்றிலும் இறங்குவது ஒன்றிலும் வைத்துக்கொள்ளலாம்.

பலரும் ரயிலில் ஏறிக் கேபிள் காரில் இறங்கச் சொல்வார்கள், உடம்பு மெல்லப் பழகும் என்று. அதில் நியாயம் உண்டு. ஆனாலும் மூட்டமான நாளில் நான் காலையிலேயே கேபிள் காரில் ஏறத்தான் சொல்வேன். காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். பிற்பகலில் காற்று எழும்பிக் கேபிள் காரை நிறுத்தினாலும் இறங்க ரயில் இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது, சொல்கிறேன்.

ரயிலில் எங்களுக்கு எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். கையில் ஊன்றுகோல்கள், பையில் ஃபிளாஸ்க், மடியில் பழைய கம்பளித் தொப்பி. கிரைனாவ் கிராமத்துக்காரர். அப்பா அவரைப் பார்த்துக் கைகூப்ப, அவரும் கைகூப்பினார். அவர் பேசிய பவேரியா மாநில வட்டாரப் பேச்சு எனக்கே பாதிதான் பிடிபட்டது. இருந்தாலும் அப்பாவுக்குச் சொல்லச் சொல்ல, அப்பா மேலும் மேலும் கேள்வி கேட்டார். 1963இல் ஐப்ஸேயிலிருந்து உச்சிக்கு முதல் கேபிள் கார் ஓடத் தொடங்கியபோது அவர் இளம்பெண். அந்தப் பெட்டியில் 44 பேர்தான் நிற்கலாம். குளிர்கால ஞாயிறுகளில் வரிசை நின்று கால் விறைத்துப்போகுமாம். இப்போது ஓடுவது 2017 டிசம்பர் 21இல் திறந்தது, ஒரு பெட்டியில் 120 பேர் போகலாம்.

"இந்த மூட்டத்தில் என்னத்தைப் பார்க்கப் போகிறோம் என்று கேளு" என்றார் அப்பா. கேட்டேன். பாட்டி சன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. மேலே விரலைக் காட்டி, "பத்து நிமிஷம்" என்றார்.

ஐப்ஸே ஏரி உறைந்து, பனி மூடிக் கிடந்தது. கரையிலிருந்த மரங்களின் கிளை நுனி வரைக்கும் வெள்ளை முள்ளாக உறைபனி. ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கேபிள் கார் நிலையத்தில் அப்பா மேலே போகும் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் அவை மூட்டத்துக்குள் மறைந்துபோயின. ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சமன் செய்யும் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, "பழநி விஞ்ச் மாதிரிதானே" என்றார். அதேதான். பழநியில் விஞ்சிலும் ரோப் காரிலும் போய் வந்தவருக்கு நான் மேற்கொண்டு விளக்க எதுவும் இல்லை.

பெட்டி கிளம்பியதும் சுற்றிலும் வெறும் சாம்பல். நாலா பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தத் தடத்தில் தாங்கும் எஃகுக் கோபுரம் ஒன்றே ஒன்றுதான். 127 மீட்டர் உயரம். அதைத் தாண்டும்போது பெட்டி முன்னும் பின்னும் ஆடியது, உள்ளே இருந்தவர்கள் ஒரே குரலில் ஓவென்றார்கள். கோபுரம் மூட்டத்தில் ஒரு நிழலாகத்தான் கடந்து போனது. அதற்கப்புறம் உச்சி வரைக்கும் 3,213 மீட்டருக்கு இடையில் எந்தத் தாங்கலும் கிடையாது, கம்பி மட்டும்தான். திறந்தபோது எஃகுக் கோபுரங்களில் இதன் உயரமும், தாங்கல் இல்லாத இந்த நீளமும் உலகச் சாதனைகள். அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். காது அடைத்தது; எச்சில் விழுங்கச் சொன்னேன்.

அப்புறம் சாம்பல் வெளுக்கத் தொடங்கியது. முதலில் பால் வெள்ளை, பிறகு கண் கூசும் வெள்ளை. தலைக்கு மேல் எங்கோ ஒரு நீலம் தெரிந்தது. சட்டென்று பெட்டி மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எதிரே ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர், அதன் மேல் வெயில். கீழே மூட்டத்தின் மேற்பரப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல், வடக்கே கண்ணுக்கு எட்டிய வரை. மியூனிக், ஏரிகள், நாங்கள் வந்த ரயில் பாதை எல்லாம் அதற்கு அடியில். நான் காலையில் கேபிள் காரில் ஏறச் சொல்வது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். ரயிலில் போனால் இதே இடம் சுரங்கத்துக்குள் கழிந்துவிடும்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பாட்டி அவரைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

உச்சி நிலையத்தில் பெட்டியிலிருந்து இறங்கிப் படியேறத் தொடங்கியதும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பத்து நிமிஷத்தில் 1,945 மீட்டர் ஏறியிருக்கிறோம், வாங்கத்தான் செய்யும். நாங்கள் நின்றதைப் பார்த்த நிலைய ஊழியர் ஒருவர் கேட்காமலேயே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். முதல் அரை மணி நேரம் உட்கார்ந்தே வேடிக்கை பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், தலைவலியோ குமட்டலோ வந்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள், இறங்குவதுதான் மருந்து என்றார். முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்காக அவர் காட்டிய அக்கறையை நான் மறக்க மாட்டேன். அரை மணியில் அப்பாவின் மூச்சு சீரானது.

மேல்தளத்தில் பனியை வாரி ஒதுக்கியிருந்தார்கள். எதிரே கிழக்கு உச்சியில் தங்க முலாம் பூசிய சிலுவை. 1851இல் முதன்முதலில் சிலுவை நட்டது மேற்கு உச்சியில்; 1882இல்தான் கிழக்கு உச்சிக்கு மாற்றினார்கள். அதற்கெல்லாம் முன் 1820இல் யோசஃப் நாவுஸ் என்ற ராணுவ அதிகாரி நில அளவைக்காக ஏறியதுதான் பதிவில் உள்ள முதல் ஏற்றம். மேல்தளத்திலிருந்து சிலுவைக்கு இரும்பு ஏணியும் கம்பியும் இருக்கின்றன. கோடையில் நிறையப் பேர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் சாதாரண பூட்ஸோடு யாரும் முயல வேண்டாம். அன்று பாறை முழுக்கப் பனிக்கட்டி; கயிறும் இரும்பு முள் பூட்டிய காலணியும் உள்ளவர்கள் மட்டும் போனார்கள்.

எல்லை உச்சியின் மேலேயே ஓடுகிறது. நாலு எட்டு வைத்தால் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம். ஒரு காலத்தில் இங்கே பாஸ்போர்ட் பார்த்தார்களாம். அப்பா அந்தப் பக்கம் போய் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று நாலு நாட்டுச் சிகரங்களும் தெரிந்தன. பாட்டி ஊன்றுகோலால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மதியம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். உடனே கறுப்புப் பறவைகள் வந்து கம்பிமேல் உட்கார்ந்தன. மஞ்சள் அலகு, சிவப்புக் கால். ஆல்ப்ஸ் மலைக் காக்கை இனம். இந்த உயரத்துக்குப் பழகியவை. ஊரில் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் அப்பா சாப்பிட மாட்டார். இங்கே வந்த பிறகு அது விட்டுப்போயிருந்தது. உப்பும் காரமும் அவற்றுக்கு ஆகாதே என்று நான் தயங்கினேன். "வெறுஞ்சோறும் கொஞ்சம் இருக்கே" என்று அவரே எடுத்து, டப்பா மூடியில் ஒரே ஒரு பிடி வைத்தார். ஒன்று தத்தி வந்து எடுத்துக்கொண்டு பாறை விளிம்பிலிருந்து அப்படியே கீழே சாய்ந்து பறந்தது. மலைப் பறவைகளுக்கு மனிதச் சாப்பாடு கொடுப்பது பொதுவாக நல்லதல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் தடுக்க மனம் வரவில்லை.

அங்கே சென்னையிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். கேன்வாஸ் ஷூ, ஒற்றை ஜீன்ஸ். ஒரு தம்பிக்குக் கால்விரல் மரத்துவிட்டது. எங்களிடம் கூடுதலாக இருந்த கம்பளி காலுறையைக் கொடுத்து, உள்ளே உட்காரவைத்து, சூடாக சூப் குடிக்கச் சொன்னார் அப்பா. வெயில் அடிப்பதால் குளிர் உறைப்பதில்லை, அதுதான் ஆபத்து. தண்ணீர் புகாத பூட்ஸ், தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கும் உதட்டுக்கும் வெயில் தடுப்புக் களிம்பு, இவை இல்லாமல் போகாதீர்கள். புதுப்பனி வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கும் தோல் வெந்துபோகும்.

உச்சியிலிருந்து இன்னொரு சிறிய கேபிள் கார் 2,600 மீட்டரில் இருக்கும் பனிமேட்டுக்கு இறக்கிவிடுகிறது. பனிச்சறுக்குக்காரர்கள், சறுக்குவண்டியில் குழந்தைகள், ஓரத்தில் ஒரு சின்ன தேவாலயம். 1981இல் அதை அர்ச்சித்தவர் அப்போது மியூனிக் பேராயராக இருந்த ராட்ஸிங்கர், பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட். அப்பா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பாட்டி அங்கே ஒரு சரிவைக் காட்டினார். தெற்கு ஷ்னேஃபெர்னர் பனியாறு இருந்த இடம். உருகி உருகி, 2022இல் அது இனிப் பனியாறே இல்லை என்று பவேரிய அறிவியல் கழகம் அறிவித்துவிட்டது. வடக்கு ஷ்னேஃபெர்னர் இன்னும் இருக்கிறது, அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஜனவரியில் எல்லாமே ஒரே வெள்ளையாக இருப்பதால் எது இந்த வருடப் பனி, எது பழைய பனியாறு என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. சிறுமியாக எங்கே நின்றேன் என்று ஊன்றுகோலை நீட்டினார். அந்த இடத்தில் இப்போது பாறை முனைகள் தெரிந்தன. அப்பா எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறங்கிப்போனதைச் சொன்னார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ரயிலில் சுமார் நாலரை கிலோமீட்டர் சுரங்கம். சிலருக்கு மூடிய இடம் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கேபிள் காரிலேயே இறங்கலாம். எதில் இறங்கினாலும் கடைசி வண்டி மாலை ஐந்துக்கு முன்பே போய்விடும். நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் குளிர்காலத்திலும் மலிவல்ல. அதனால் காலையில் கேமராவில் உச்சி தெளிவாக இருப்பதைப் பார்த்த பிறகே வாங்குங்கள். முன்கூட்டி வாங்கிவிட்டு மேலேயும் மேகம் நின்றால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். காற்று வேகத்தையும் பாருங்கள், ஃபோன் என்று இங்கே சொல்லும் வெதுவெதுப்பான மலைக்காற்று தெற்கிலிருந்து பலமாக அடிக்கும் நாளில் கேபிள் கார் ஓடாமல் போகலாம். கைக்குழந்தையை நாங்கள் கொண்டுபோகவில்லை, வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டோம். இவ்வளவு வேகமாக உயரம் ஏறுவது சின்னக் குழந்தைகளின் காதுக்குக் கஷ்டம், வலித்தால் சொல்லவும் தெரியாது. கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.