ஆக்சிஜன் சென்சார் நானே மாற்றினேன், செக் என்ஜின் லைட் மறுபடியும் எரிகிறது. உதவி தேவை, அவசரம்!

தாம்பரம்காரன் | சனி, மாலை 6.40
வணக்கம் நண்பர்களே. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கிற ஆக்சிஜன் சென்சார் போச்சு என்று ஸ்கேனரில் வந்தது. புதுசு வாங்கி இன்று காலை நானே மாட்டினேன். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதும் லைட் அணைந்தது. முதல் ரவுண்டு போனபோது ஒன்றுமில்லை. சாயங்காலம் காய்கறி வாங்கப் போனேன், மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது. புது சென்சாரே கெட்டதா? நாளை விடிகாலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலை கிளம்பணும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மின்கம்பி | 6.52
என்ன வண்டி, எந்த வருஷம்? ஸ்கேனரில் முதலில் வந்த கோடு (பழுது எண்) என்ன, இப்போது வருகிற கோடு என்ன?

வேலூர் வெயில் | 6.55
எந்த சென்சாரை மாற்றினீர்கள்? கேட்கானுக்கு (புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். என் மச்சான் முன்னாடி சென்சாருக்குக் கோடு வந்ததென்று, கைக்கு எட்டியதே என்று பின்னாடி உள்ளதை மாற்றிவிட்டு ஒரு வாரம் அலைந்தார்.

கிரீஸ் கை | 7.01
எவ்வளவுக்கு வாங்கினீர்கள் ப்ரோ? ஆன்லைனில் வருகிற சென்சாரில் பாதி டூப்ளிகேட். பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே சரக்கு வேறு. நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

பழைய ஸ்பானர் | 7.08
தம்பி, கோடு நம்பர் போடாமல் உதவி கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் டாக்டரிடம் மருந்து கேட்பது மாதிரி. மாதத்துக்கு இரண்டு பேர் இப்படித்தான் வருகிறீர்கள். முதலில் படித்துவிட்டு ஸ்பானரை எடுங்கள். ஸ்கேனர் கோடு, எந்தச் சுற்றில் பழுது என்பதைத்தான் சொல்லும். பாகத்தை மாற்று என்று அது ஒருநாளும் சொல்லாது.

தாம்பரம்காரன் | 7.20
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர். கம்பெனி பெயர் போட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், வேண்டாம். முதலில் வந்த கோடு பி0135. மாற்றியது முன்னாடி உள்ளதைத்தான், மேலே பானட்டைத் திறந்தாலே தெரியும். ஸ்கேனர் பக்கத்து வீட்டு அண்ணனுடையது. அவர் எட்டு மணிக்குத்தான் வருவார்.

நெல்லை ஓட்டி | 7.26
இது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் செய்கிற வேலை. 2016 வண்டி அதற்காகச் செய்ததே கிடையாது. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, சென்சார் குழம்பிப்போகிறது. எத்தனை சென்சார் மாற்றினாலும் லைட் வரும்.

மின்கம்பி | 7.34
அண்ணா, பி0135 என்பது சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டர் சுற்றின் கோடு. எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் ஹீட்டருக்கு ஒன்றுதான், அது 12 வோல்ட்டில் ஓடுகிற சின்ன அடுப்பு. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று எல்லை மீறிக் கூடினால் பி0171 வரும். தயவுசெய்து இரண்டையும் கலக்க வேண்டாம்.

பழைய ஸ்பானர் | 7.41
அந்த ஹீட்டர் எதற்கு என்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சென்சார் முனையில் இருப்பது சிர்கோனியா பீங்கான். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். 1976இல் வால்வோவில் முதன்முதலாக வந்தபோது ஹீட்டர் கிடையாது. புகைச் சூட்டிலேயே காய்ந்து அப்புறம்தான் வேலையைத் தொடங்கும். பிறகுதான் ஹீட்டர் சேர்த்தார்கள். நாலு ஒயரில் இரண்டு ஹீட்டருக்கு, இரண்டு சிக்னலுக்கு. மல்டிமீட்டர் வைத்துப் பழைய சென்சாரின் ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தீர்களா? சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை.

தாம்பரம்காரன் | 7.50
இப்போதுதான் பார்த்தேன் சார். பழையது ஒன்றுமே காட்டவில்லை. அப்படியென்றால் மாற்றியது சரிதானே?

பழைய ஸ்பானர் | 7.53
சரிதான். மாற்றுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

வேலூர் வெயில் | 7.56
புதுசு ஒரிஜினல் சாக்கெட்டோடு வந்ததா, இல்லை ஒயரை வெட்டி ஒட்டினீர்களா? வெட்டி ஒட்டும்போது பற்று வைத்துவிட்டால் சிக்கல். இந்த வகை சென்சார் பலவும் புகையோடு ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளுக்கு இடையில்தான் இழுத்துக்கொள்ளும். ஈயம் ஓடி அந்த இடைவெளியை அடைத்துவிடும். சாக்கெட்டுக்குள் கிரீஸ் தடவினாலும் அப்படித்தான். நசுக்கி மாட்டுகிற கனெக்டர்தான் போடணும்.

தாம்பரம்காரன் | 8.02
வெட்டவில்லை. சாக்கெட் அப்படியே பொருந்தியது, 1,900 ரூபாய். திருகு மரைகளில் ஆன்டி சீஸ் பேஸ்ட் (இறுகிப் பிடிக்காமல் இருக்க) கொஞ்சம் தடவினேன், முனையில் படவில்லை.

கிரீஸ் கை | 8.05
புது சென்சாரில் கம்பெனியே தடவி அனுப்பும், அதற்கு மேல் தடவக்கூடாது. டைட் எவ்வளவு வைத்தீர்கள்? 40 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும்.

நெல்லை ஓட்டி | 8.09
எல்லாம் சரி, மைலேஜ் குறைந்ததை யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். எனக்கு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 15 கூடத் தருவதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. காசு மட்டும் அதேதான் வாங்குகிறார்கள். இது நம் பாக்கெட் விஷயம் இல்லையா?

கிரீஸ் கை | 8.14
17க்கு 15 என்றால் 12 சதவீதம். 20 சதவீத எத்தனாலில் ஏழு சதவீதம்தான் சக்தி குறையும், அதுவும் முன்பே 10 சதவீதம் கலந்துதான் வந்துகொண்டிருந்தது. மிச்சத்துக்கு டயர் காற்று, ஏர் ஃபில்டர் பாருங்கள்.

நெல்லை ஓட்டி | 8.17
நான் 22 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். டயர் காற்று எனக்குத் தெரியாதா? ரப்பர் ஓஸ் ஊறிப்போய் மாற்றினேன், அதுவும் காற்றா?

வேலூர் வெயில் | 8.19
அண்ணா இருவரும் இதற்குத் தனி இழை போடுங்கள். அந்தத் தம்பி விடிகாலை அம்மாவோடு கிளம்பணும்.

தாம்பரம்காரன் | 8.31
ஸ்கேனர் கிடைத்தது. இப்போது இரண்டு கோடு! பி0135, பி0141. பின்னாடி சென்சாரும் போய்விட்டதா? அதை நான் தொடவே இல்லையே.

மின்கம்பி | 8.36
தொடாத சென்சாரும் சேர்ந்து போனால் சென்சாரைச் சந்தேகப்படாதீர்கள். பி0141 பின் சென்சாரின் ஹீட்டர். இரண்டு ஹீட்டருக்கும் பெரும்பாலும் ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் கரண்ட் வரும். பானட்டுக்குள் இருக்கிற ஃபியூஸ் பெட்டியின் மூடி உள்பக்கத்தில் படம் இருக்கும், அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். எரிந்திருந்தால் உடனே புதுசு போடாதீர்கள். ஏன் எரிந்தது என்று முதலில் பாருங்கள். புது சென்சாரின் ஒயர் பழைய வழியிலேயே போகிறதா, கிளிப்பில் மாட்டினீர்களா?

தாம்பரம்காரன் | 8.40
கிளிப்பா?

மின்கம்பி | 8.42
என்ஜின் ஆறட்டும், கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். டார்ச் அடித்து ஒயரை அடி முதல் நுனி வரை தடவிப் பாருங்கள். மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து சூடான புகை வெளிவரும் குழாய்) தகட்டில் எங்கேயாவது பட்டிருக்கும். ஃபியூஸ் மாற்றினால் அதே ஆம்பியர்தான், பெரியது வேண்டவே வேண்டாம். அடுத்த தடவை ஒயர்தான் ஃபியூஸாக எரியும்.

பழைய ஸ்பானர் | 8.50
மின்கம்பி சொல்வது சரி. முதல் ரவுண்டில் லைட் வராமல் அப்புறம் வந்தது என்று நீங்கள் எழுதியபோதே எனக்குப் பட்டிருக்க வேண்டும். ஒயர் உருக அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. பயணத்தைப் பற்றி ஒன்று: லைட் நிலையாக எரிந்தால், இந்த ஃபியூஸில் வேறெதுவும் தொங்காத வரை, வண்டி ஓடும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஓரங்கட்டிவிடுங்கள், கேட்கான் வெந்துவிடும்.

தாம்பரம்காரன் | ஞாயிறு, அதிகாலை 4.35
ஃபியூஸ்தான். புது ஒயர் மேனிஃபோல்டு தகட்டின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. விரல் நகம் அளவுக்கு உறை உருகி, செம்பு தெரிந்தது. பழைய சென்சாரின் ஒயரில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருந்திருக்கிறது, அதைப் புதுசுக்கு மாற்றவே இல்லை. டேப் சுற்றி, கொக்கி போட்டு, 15 ஆம்பியர் ஃபியூஸ் மாற்றினேன். லைட் வரவில்லை. கிளம்புகிறோம். எல்லோருக்கும் நன்றி, மின்கம்பி அண்ணாவுக்கு ரொம்பவே.

மின்கம்பி | காலை 7.15
நல்லபடியாகப் போய் வாருங்கள். ஆனால் அந்த இடத்தில் சாதாரண இன்சுலேஷன் டேப் தாங்காது, பசை இளகி வழுக்கிவிடும். சூடு தாங்கும் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் எலெக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், வந்ததும் மாற்றுங்கள். வழியில் டீக்கு நிறுத்தும்போது பானட்டைத் திறந்து அந்தக் கொக்கியை ஒரு தடவை பாருங்கள்.

வேலூர் வெயில் | செவ்வாய், இரவு 9.10
தம்பி, ஊர் திரும்பியாச்சா? ஸ்லீவ் போட்டீர்களா?