வாரந்தோறும் தொலைபேசி சர்வரை ரீபூட் செய்ய வேண்டுமா?

பொருநைக்கரை:

வணக்கம். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். 140 எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசிகள்), வெளி அழைப்புகளுக்கு ஒரு பிஆர்ஐ லைன் (ஒரே சமயத்தில் பல அழைப்புகளைத் தாங்கும் டிஜிட்டல் லைன்), டெபியன் 12 என்ற லினக்ஸில் ஓடும் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள். எனக்கு முன்பிருந்தவர், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரானில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். ஞாயிறு அதிகாலை 3 மணிக்குச் சர்வர் தானாகவே ரீபூட் ஆகிவிடும். காரணம் கேட்டபோது, "விட்டால் மெமரி நிறைந்துவிடும், அழைப்புகள் தாமதமாகும்" என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஞாயிறு ரீபூட்டுக்குப் பிறகு பிஆர்ஐ வரவில்லை. உள்ளே வார்டுக்கு வார்டு பேச முடிந்ததால் இரவுப் பணியில் இருந்த யாருக்கும் சந்தேகம் எழவில்லை. 5.20 மணிக்கு எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒரு செவிலியரின் செல்பேசிக்கு அழைத்து, அவசரப் பிரிவு எண் கிடைக்கவே இல்லை என்றார். காலை 8 மணிக்குச் சர்வரை அமைத்துக் கொடுத்தவர்களின் ஆள் வந்து ஏதோ செய்தார், லைன் வந்தது. அந்த ஐந்து மணி நேரத்தில் யாரெல்லாம் அழைத்துப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

அந்த வரியை நீக்கிவிடலாமா? நீக்கினால் திங்கட்கிழமை புறநோயாளிகள் கூட்டத்தின் நடுவே சர்வர் நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

கொடைரோடு:

நான் நான்கு அலுவலகங்களில் இதே போல்தான் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, இரவில். இதுவரை தொந்தரவு இல்லை. ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்? அந்த வரி இருக்கட்டும்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

கொடைரோடு நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அலுவலகம் இரவில் பூட்டியிருக்கும், மருத்துவமனை பூட்டுவதில்லை.

நான் சி-டாட் (அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையம்) வடிவமைத்த கிராமத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் தொழில் கற்றவன். அங்கே ஒரு கார்டைக் கழற்றினாலும் ஏன் கழற்றினோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, லைன் திரும்ப வந்ததைக் காதால் கேட்ட பிறகுதான் நகர்வோம். ஆள் இல்லாத நேரத்தில் இயந்திரம் தானே அணைந்து எழும் ஏற்பாட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அம்மா, உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். பிஆர்ஐ கார்டை இயக்கும் டாடி என்ற மாட்யூல் (டிரைவர்), லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டது. டெபியனில் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இயங்கினால் புதிய கெர்னல் வட்டில் வந்து காத்திருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அது தொடாது. ரீபூட் ஆனவுடன் புதிய கெர்னல் ஏறும். அதற்கான மாட்யூல் இல்லையென்றால் கார்டு ஊமையாகிவிடும். எக்ஸ்டென்ஷன்கள் நெட்வொர்க் வழியே வருவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஞாயிறுக்கு முன் புதிய கெர்னல் வந்ததா என்று ஏபிடி (மென்பொருள் நிறுவும் கருவி) பதிவில் பாருங்கள்.

அடுத்தது மெமரி. லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை எல்லாம் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்படும்போது திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஃப்ரீ கட்டளையில் 'அவைலபிள்' என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். பலர் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்து அஞ்சி ரீபூட் போடுகிறார்கள். 'அவைலபிள்' உண்மையிலேயே நாளுக்கு நாள் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதாவது ஏதோ ஒரு நிரல் எடுத்த மெமரியைத் திருப்பித் தரவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: அவைலபிள் மெமரி, ஆஸ்டெரிஸ்க் திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை, ஓடும் பிராசஸ்களின் (இயங்கும் நிரல்களின்) எண்ணிக்கை. கசிவு இருந்தால், வாராவாரம் ரீபூட் செய்ததால்தான் இத்தனை காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த வரியை இன்றே நிறுத்துங்கள்.

அந்த ஒரு வாரம் தாங்காது போலிருந்தால், சர்வரைத் தொடாமல் ஆஸ்டெரிஸ்க்கை மட்டும் புதிதாகத் தொடங்கலாம். 'கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்' என்று கொடுத்தால், பேச்சு எதுவும் இல்லாத கணம் வரும்வரை அது காத்திருக்கும், இடையில் வரும் புதிய அழைப்புகளையும் ஏற்கும். 'கிரேஸ்ஃபுல்லி' என்று கொடுத்தால் புதிய அழைப்புகளை மறுத்துவிடும். உங்கள் இடத்தில் அது வேண்டாம்.

கொடைரோடு:

அண்ணாச்சி, அப்படியானால் ரீபூட்டே கூடாது என்கிறீர்களா? 900 நாள் அணையாமல் ஓடுகிறது என்று பெருமைப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

இல்லை. 900 நாள் ஓடியிருந்தால், பெரும்பாலும் அத்தனை நாளும் கெர்னலின் ஓட்டைகள் அடைபடவில்லை என்றே பொருள். கெர்னல் மாறும்போது ரீபூட் கட்டாயம் வேண்டும். அது பகலில், ஆள் நிற்கும்போது, மாட்யூலைத் தொகுத்து முடித்த பிறகு நடக்கட்டும்.

பொருநைக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்னதேதான். அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை புதிய கெர்னல் வந்திருக்கிறது. டாடியை மூல நிரலிலிருந்து கையால் தொகுத்திருக்கிறார்கள், அதனால் தானாகப் புதுப்பிக்கப்படவில்லை. கெர்னல் தானாக ஏறாதபடி இப்போது பிடித்துவைத்துவிட்டேன்.

மெமரிக் கசிவும் கிடைத்தது. திங்கள் காலை 11 ஆக இருந்த பிஹெச்பி பிராசஸ்கள் சனிக்கிழமை மாலை 214. மருத்துவர் நேரம் சொல்லும் குரல் மெனுவுக்காக ஒரு பிஹெச்பி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) இருக்கிறது. அது முன்பதிவு டேட்டாபேஸைக் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் கால வரம்பில்லாமல் காத்திருக்கிறது. அழைத்தவர் போனை வைத்த பிறகும் அது சாகவில்லை. ஐந்து வினாடி வரம்பு வைத்தேன், அழைப்பு துண்டானதும் வெளியேறும்படியும் எழுதினேன். நான்கு நாட்களாக எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டவில்லை.

அடுத்த புதன் பிற்பகல் 3 மணிக்கு ரீபூட் வைத்திருக்கிறேன். அந்த நேரம் அவசரப் பிரிவு எண்ணை ஒரு செல்பேசிக்குத் திருப்பிவிட லைன் கொடுப்பவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய எக்ஸ்சேஞ்ச்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், மனம் நிறைந்தது. யாராவது கையால் சேர்த்த ஃபயர்வால் விதிகள் சேமிக்கப்படாமல் இருந்தால் ரீபூட்டில் போய்விடும், அவற்றை முன்பே ஒரு கோப்பில் எடுத்துவையுங்கள். பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். லைன் வந்ததும் வெளியிலிருந்து உங்கள் செல்பேசியில் அவசரப் பிரிவு எண்ணை அழைத்து, எதிர்முனையில் செவிலியர் குரல் கேட்ட பிறகு அறையை விட்டு வாருங்கள். புதன் மாலை இங்கே ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.